செட்டில் என்று ஒரு சொல்

என் நாட்குறிப்பின் கடைசிப் பத்துப் பக்கங்களை ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி முதல் தேதியே ஒதுக்கிவிடுவேன். முன்பக்கங்களில் மழை பெய்ததா, கப்பல் வந்ததா, குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர் விட்டார்கள் என்பவை இருக்கும். பின்பக்கங்களில் எனக்கு எரிச்சலூட்டிய சொற்கள் இருக்கும். என்ன சொல், யார் சொன்னது, எங்கே, என்ன பொருளில். பெரும்பாலான சொற்களுக்கு ஒரு வரி போதும். ‘செட்டில்’ என்ற ஒன்றுக்கு மட்டும் போன ஆண்டு நான்கு பக்கம் ஆனது.

ஆங்கிலத்தில் அது மிகச் சாதாரணமான வினைச்சொல். அந்தமானில், எங்கள் போர்ட் பிளேரில், அது ஆங்கிலமும் இல்லை, இந்தியும் இல்லை, தமிழும் இல்லை. பெங்காலி, தெலுங்கர், மலையாளி, நாங்கள் என்று எல்லோரும் பொதுவாக வைத்திருக்கும் ஒரு சாக்குப்பை. யாருக்கு எது கூச்சமாக இருக்கிறதோ அதை அதற்குள் போட்டுக் கட்டிவிடலாம்.

ஜங்லிகாட்டில் என் ரவிக்கைகளைத் தைப்பவர் தோளில் சுருக்கம் விழுகிறது என்று காட்டினால் நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார். நாலு தடவை போட்டால் செட்டில் ஆகிவிடும் என்பார். அதாவது, அவர் தவறாகத் தைத்ததற்கு என் தோள் பழகிக்கொள்ள வேண்டும். பக்கத்து வீட்டு பெங்காலி அக்காவின் வீட்டில் இரண்டு நாள் பாத்திரம் உருளும். மூன்றாம் நாள் காலை குழாயடியில் கேட்டால், ‘சப் செட்டில் ஹோ கயா’, எல்லாம் சரியாகிவிட்டது, என்பாள். அதாவது, அவள் புருஷன் சொன்னதே நடந்தது. எங்கள் அலுவலகத்தில் என்னோடு இருபது வருஷம் உட்கார்ந்தவளை வடக்குக் கோடியிலிருக்கும் திக்லிபூருக்கு மாற்றினார்கள். ஒரு மாதம் தினமும் தொலைபேசியில் அழுதாள். பிறகு அழைப்பதை நிறுத்தினாள். பிரிவுத் தலைவர் திருப்தியோடு அறிவித்தார்: அவள் அங்கே செட்டில் ஆகிவிட்டாளாம். அழுகை நின்றதற்கு அவர் வைத்திருந்த பெயர் அது.

எனக்கும் அந்தச் சொல்லுக்கும் பழைய பகை. ஐம்பத்திரண்டு வயதில், முப்பது வருஷ அரசு வேலையோடு, நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கும் நான் செட்டில் ஆகாதவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்பதை வாய்விட்டுச் சொல்லத் துணிச்சல் இல்லாதவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். எங்கள் தெருவில் ஒருவர் மூன்று இடத்தில் கடன்பட்டு, குடித்து, வேலை இழந்து, மாமனார் வீட்டு முன்னறையில் கிடக்கிறார். அவருக்கு மனைவி உண்டு என்பதால் அவர் செட்டில் ஆனவர்.

தமிழில் இதற்கெல்லாம் தனித்தனிச் சொல் உண்டு. வண்டல் படியும். மேலே தண்ணீர் தெளியும். பறவை கிளையில் அமரும். வழக்கு தீரும், சண்டை ஓயும், மனம் அடங்கும், மண் இறங்கும், குடும்பம் குடியேறும். எந்தச் சொல்லைச் சொன்னாலும் என்ன நடந்தது, யாருக்கு நடந்தது என்று தெரிந்துவிடும். தெரிந்துவிடும் என்பதுதான் இவர்களுக்குச் சிக்கல். அதனால்தான் அத்தனையையும் தள்ளிவிட்டு ஒரு சாக்குப்பையைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள்.

இதில் அம்மாவை மட்டும் சேர்க்கமாட்டேன். அவளுக்கு அந்தச் சொல் ஒரே பொருளில்தான் தெரியும், அதுவும் பெயர்ச்சொல்லாக. அம்மா சிலோனில் ஒரு தோட்டத்து லயத்தில், கூலிகளின் வரிசை வீட்டில், பிறந்தவள். கல்யாணமான புதிதில், இரண்டு அரசாங்கங்கள் போட்ட ஒப்பந்தப்படி, அவளையும் அப்பாவையும் இந்தியாவுக்கு அனுப்பினார்கள். மண்டபத்தில் முகாம், பிறகு கப்பல், பிறகு நிக்கோபாரில் கச்சால் தீவு. அங்கே ரப்பர் மரத்தில் பால் வெட்டினார்கள். அண்ணனும் நானும் பிறந்தது அங்கேதான். தோட்டத்தில் எங்கள் ஆட்கள் இருந்த வீட்டு வரிசைக்குப் பெயர் செட்டில்மென்ட். வந்து இறங்கியபோது குடும்பத்துக்கு ஒன்றாகக் கொடுத்த காகிதத்துக்குப் பெயர் செட்டில்மென்ட் பேப்பர். இந்தக் குடும்பம் இன்ன இடத்திலிருந்து வந்தது, இந்தத் தீவில் இருத்தப்பட்டது என்று அதில் இருந்ததாம். அம்மா அதை ஒரு தகரப் பெட்டியில் வைத்திருந்தாள். சுனாமியில் பெட்டி போயிற்று. அம்மாவும் அப்பாவும் மேட்டுக்கு ஓடியதால் தப்பினார்கள்.

அதன் பிறகு நான் வேலை பார்த்த போர்ட் பிளேருக்கே வந்துவிட்டார்கள். ஷாதிபூரில் அம்மா பெயரில் ஒரு சிறு மனை வாங்கினோம். என் அலுவலகக் கடனில் வீடு எழும்பியது. அண்ணனின் பங்கு ஒரு சீலிங் ஃபேன். மூன்று இறக்கை, காப்பி நிறம், வேகம் இரண்டுக்கு மேல் வைத்தால் தடதடவென்று அடிக்கும். அப்பா இந்த வீட்டில்தான் காலமானார்.

அம்மாவுக்கு அந்தக் காகிதத்தின் ஏக்கம் போகவே இல்லை. ரேஷன் அட்டை வந்தது, ஆதார் வந்தது, மனையின் பட்டா அவள் பெயரிலேயே வந்தது. எது வந்தாலும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது இல்ல புள்ள, அந்தப் பேப்பரு” என்பாள். நகல் கேட்டு மனு எழுதித் தரச் சொல்லி எத்தனையோ முறை என்னிடம் கேட்டிருக்கிறாள். அது இனி எதற்கும் பயன்படாது என்று நான் ஒவ்வொரு முறையும் விளக்கினேன். என் விளக்கங்கள் சரியானவை. அவற்றின் தேதிகளும் நாட்குறிப்பில் உள்ளன. மனு எழுதிய தேதி இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் சின்ன நில அதிர்வு ஒன்றில் கூடத்துச் சுவரில் விரிசல் விட்டது. பார்க்க வந்த பொறியாளர் பென்சிலால் அதன் மேல் கோடு போட்டு, செட்டில்மென்ட்தான், பயப்பட ஒன்றுமில்லை என்றார். அம்மா உடனே அவருக்கு நாற்காலி போட்டு, கப்பலில் எத்தனை நாள் வாந்தி எடுத்தாள் என்பதிலிருந்து ஆரம்பித்தாள். அவர் அடிமண் இறங்கியதைப் பற்றிப் பேசுகிறார் என்று சொல்லிப் புரியவைக்க எனக்கு இருபத்தைந்து நிமிஷம் ஆனது. அன்று சிரித்தேன். அதை நாட்குறிப்பில் நகைச்சுவையாகத்தான் எழுதியிருக்கிறேன்.

இந்த வருஷம் மழை தொடங்குவதற்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை, அண்ணன் வந்தான். விமானம் பதினொன்று நாற்பதுக்கு இறங்கியது. சொல்லாமல் வரவில்லை. நான்கு நாள் முன்பு செய்தி அனுப்பியிருந்தான். ஆனால் ஆறு வருஷம் கழித்து வருகிறவன் எதற்காக வருகிறான் என்று அதில் இல்லை. ஆட்டோவிலிருந்து சக்கரம் வைத்த பெட்டியை இறக்கினான். கையில் ஒரு கண்ணாடித்தாள் உறை, அதற்குள் காகிதங்கள். பெட்டியை என்னிடம் கொடுத்தான், உறையைக் கொடுக்கவில்லை.

அண்ணன் கல்லூரிப் படிப்புக்கு மெயின்லேண்ட் போய் அங்கேயே தங்கிவிட்டவன். சென்னைக்கு வெளியே இரண்டு படுக்கையறை, ஒரு கார், வெளிநாட்டில் ஒரு மகன். உறவில் யார் வீட்டில் பேச்சு வந்தாலும் அவன்தான் உதாரணம். செட்டில் ஆவது எப்படி என்று பார்க்க வேண்டுமானால் அவனைப் பார்க்க வேண்டுமாம். நானும் பார்த்தேன். வந்த அன்று மாலைக்குள் அவன் அந்தச் சொல்லை ஒன்பது முறை பயன்படுத்தினான். மகன் கனடாவில் செட்டில். மூட்டுவலி மருந்தில் செட்டில். வயிறு விமானத்தில் கலங்கி இப்போதுதான் செட்டில். சாப்பிட்டு முடித்து, நான் கொண்டுவந்த தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு, எல்லாவற்றையும் செட்டில் பண்ணிவிட்டுப் போகலாம் என்று வந்திருப்பதாகச் சொன்னான். எது எல்லாம் என்று கேட்டேன். “இருக்கிறதெல்லாந்தான்” என்றான். இருக்கிறது ஒன்றே ஒன்று. அதன் கூரைக்குக் கீழேதான் உட்கார்ந்திருந்தோம்.

புதன்கிழமை நான் அலுவலகம் போய்விட்டேன். மாலை ஐந்தரைக்குத் திரும்பி வரும்போது பெங்காலி அக்கா வேலியருகே நிறுத்தினாள். வாழ்த்துச் சொன்னாள். அம்மா அவளுக்கு மாசி, காகிதம் காகஸ். மாசியின் செட்டில்மென்ட் காகஸ் கிடைத்துவிட்டதாமே, மெயின்லேண்டிலிருந்து மகன் எடுத்து வந்தானாமே, மாசி காலையிலிருந்து தெருவில் ஒரு வீடு விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்றாள். மகன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்றும் சேர்த்தாள். அவளுடைய மகன்கள் இருவரையும் நான் அறிவேன். அவள் ஆசையில் குற்றமில்லை.

உள்ளே அம்மா கட்டிலின் மேல் இரண்டு புடவைகளை விரித்துவைத்து, எது நன்றாக இருக்கும் என்று என்னைக் கேட்டாள். எதற்கு என்றேன்.

“நாளைக்கு ஆபீசுக்குப் போறோம்ல. பதினோரு மணிக்கு டைம் குடுத்திருக்காங்களாம். ஒங்கண்ணன் பேப்பர எடுத்தாந்துட்டான் புள்ள. நான் கையெழுத்துப் போட்டாப் போதுமாம்.”

“எந்தப் பேப்பரும்மா?”

“செட்டில்மென்டு பேப்பருதான். வேற எந்தப் பேப்பரு?” என்றாள். பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, “நீ கெடைக்காதுன்னுகிட்டே இருந்த” என்றாள். குற்றம் சொல்கிற குரல் இல்லை. என்னை மன்னித்துவிட்ட குரல்.

அண்ணன் மொட்டைமாடியில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தான். உறை அவன் பெட்டியின் மேல் இருந்தது. பிறர் பொருளைத் தொடுவது என் வழக்கமில்லை. தொட்டேன். உள்ளே முத்திரைத்தாளோடு ஐந்து பக்கம் ஆங்கிலத்தில். அதன் பின்னால் அதே விஷயம் தமிழில், சென்னையில் யாரோ பத்திரம் எழுதுபவர் தயாரித்தது. தமிழ்தான் முதலில் எழுதப்பட்டிருக்க வேண்டும். இங்கே பதிவுக்கு அது ஆகாது என்று ஆங்கிலமாக்கியிருக்கிறான்.

மெயின்லேண்டில் ‘செட்டில்மென்ட்’ என்றால் என்ன என்று எனக்கு அன்றுதான் சரியாகத் தெரிந்தது. தானமாக எழுதிக் கொடுப்பது. விலை இல்லாமல், திரும்பக் கேட்காமல், உறவுக்காரருக்குச் சொத்தைக் கொடுத்துவிடுவது. அம்மா அண்ணனின் மேல் வைத்திருக்கும் அன்பினாலும் பிரியத்தினாலும் ஷாதிபூர் மனையையும் அதிலுள்ள வீட்டையும் அவனுக்கு ‘செட்டில்மென்ட் செய்து கொடுத்து’, அவன் புத்திர பௌத்திர பாரம்பரியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது. பின்னால் ரத்துசெய்ய அம்மாவுக்கு அதிகாரம் இல்லை. ஆங்கிலத்தில் அந்த வினைச்சொல் மட்டும் ஆறு இடத்தில் இருந்தது. என் பெயர் ஓரிடத்திலும் இல்லை. அந்தக் காப்பி நிற ஃபேன், மின் இணைப்புகளோடு சேர்த்து, நான்காம் பக்கத்தில் இருந்தது.

அவன் கீழே இறங்கி வந்தபோது உறை என் கையில் இருந்தது. மறைக்கவில்லை. அம்மா இதைக் கச்சால் காகிதம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள், தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்று சொல்லியிருந்தால் அவனை ஒரு மறதிக்காரன் என்று எழுதிக்கொண்டு விட்டிருப்பேன். அவன் அப்படிச் சொல்லவில்லை. காலையில் அம்மா பேசியதிலேயே புரிந்துவிட்டதாம். முதலில் திருத்தத்தான் நினைத்தானாம்.

“அப்புறம் பாத்தேன், அம்மா அவ்வளவு சந்தோஷமா இருக்கு. அத ஏன் கெடுக்கணும்? பேரும் ஒண்ணுதானே. இதுவும் செட்டில்மென்ட், அதுவும் செட்டில்மென்ட்” என்றான்.

நான் சுவரில் பென்சில் கோடு போட்டிருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவனுக்கு அது சம்மதம் போலப் பட்டிருக்க வேண்டும். தொடர்ந்து பேசினான். நாளைக்கு அம்மாவுக்கு ஒன்று ஆகிவிட்டால் எத்தனை அலைச்சல், இப்போதே கிளியர் பண்ணிவிட்டால் யாருக்கும் தலைவலி இல்லை, என்னை யாரும் போகச் சொல்லப்போவதில்லை என்றெல்லாம் சொன்னான். “நீ தனி ஆளு. இருக்கிற வரைக்கும் இரு. ஒனக்கும் ஏதாவது செட்டில் பண்ணாம விடுவேனா?”

அவன் கெட்டவன் இல்லை என்று உறவினர் எல்லோரும் சொல்வார்கள். கெட்டவனாக இருக்கவும் கொஞ்சம் நேர்மை வேண்டியிருக்கிறது. வீடு எனக்கு வேண்டும் என்று ஒருவன் வாசலில் நின்று சொன்னால் அவனோடு சண்டை போடலாம். இவன் எடுத்துக்கொள்வதை ஏற்பாடு என்று சொல்வான், ஏமாற்றுவதைச் சந்தோஷம் என்று சொல்வான். எதையும் அதன் பெயரால் அழைக்காமல் ஐம்பத்தைந்து வயதுவரை வந்துவிட்டான். உலகம் அதற்குப் பரிசாக அவனுக்கு ஒரு காரையும் கொடுத்திருக்கிறது.

அவனிடம் ஒன்றே ஒன்று சொன்னேன். பத்திரத்தை நான் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவேன். அதன் பிறகும் அவள் கையெழுத்துப் போட்டால் காலையில் நானே ஆட்டோ பிடித்துத் தருகிறேன்.

“வாசி. எனக்கென்ன பயம்? செட்டில்மென்ட்னுதானே எழுதியிருக்கு” என்றான்.

ஆறு மணிக்கு டீ போட்டேன். அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள், தேர்ந்தெடுத்த புடவை மடித்து அருகில் இருந்தது. அண்ணன் நாற்காலியில் தொலைபேசியைப் பார்ப்பதுபோல இருந்தான். நான் தமிழ்ப் பிரதியை எடுத்து முதல் வரியிலிருந்து படித்தேன். எழுதியிருந்ததை அப்படியே படிக்கவில்லை. ‘செட்டில்மென்ட் செய்து’ என்று வரும் ஒவ்வோர் இடத்திலும் அதற்கு என்ன பொருளோ அந்தச் சொல்லைப் போட்டேன். கொடுத்துவிடுகிறேன். கொடுத்துவிட்டேன். கொடுத்த பிறகு திரும்பக் கேட்கமாட்டேன். வேறு எதையும் சேர்க்கவில்லை. என்னைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதை நான் ஒரு விதியாகவே வைத்துக்கொண்டேன்.

இரண்டாம் பக்கம் முடிவதற்குள் அம்மா கையைக் காட்டி நிறுத்தினாள்.

“கச்சாலுன்னு எங்க வருது?”

“வரலம்மா.”

“அப்பா பேரு?”

“பட்டாவப் பத்திச் சொல்ற எடத்துல ஒரு தடவ வருது.”

“சிலோனு?”

இல்லை என்று தலையசைத்தேன். அம்மா டீயைக் கீழே வைத்தாள். அந்த நேரத்தில் அவள் முகத்தைப் பார்த்ததுதான் எனக்கு அந்த வாரத்தில் கடினமான வேலை. வீடு போகிறது என்பது இன்னும் அவளுக்கு உறைக்கவே இல்லை. காகிதம் வரவில்லை என்பதுதான் உறைத்திருந்தது. காலையிலிருந்து எத்தனை வீட்டில் சொல்லியிருக்கிறாள்.

“அப்ப இது அந்தப் பேப்பரு இல்ல” என்றாள்.

அண்ணன் இப்போதுதான் தொலைபேசியை வைத்தான். அம்மா, இதுவும் அதே மாதிரிதான், அப்போது உங்களைக் கவர்ன்மென்ட் இங்கே செட்டில் பண்ணியது, இப்போது நீ என்னை செட்டில் பண்ணுகிறாய், அவ்வளவுதான் என்று ஆரம்பித்தான். அவன் அதை நம்பித்தான் சொன்னான் என்று நினைக்கிறேன். அதுதான் சகிக்க முடியாமல் இருந்தது.

அம்மா அவனை முழுதாகப் பேசவிட்டாள். பிறகு சொன்னாள்:

“எங்கள யாரும் செட்டில் பண்ணல ராசா. எறக்கி விட்டாங்க. கப்பல்ல ஏத்துனாங்க, கொண்டாந்து எறக்கி விட்டாங்க. மழ பேஞ்சிச்சு. ஒவ்வொரு குடும்பமாப் பேரு கூப்புட்டு அந்தப் பேப்பரக் குடுத்தாங்க. எம் பேர மொத மொதல்ல ஒரு ஆபீசரு கூப்புட்டது அன்னிக்குத்தான். லயத்துல கங்காணி பேரு சொல்லிக் கூப்புட மாட்டான்.”

இந்தக் கதையைப் பொறியாளர் கேட்டிருக்கிறார், பெங்காலி அக்கா கேட்டிருக்கிறாள், நான் நூறு முறை கேட்டிருக்கிறேன். அந்தக் கடைசி இரண்டு வரியை நான் கேட்டதில்லை. அல்லது அவள் சொல்லும்போது நான் அது எதற்கும் பயன்படாது என்று விளக்கிக்கொண்டிருந்திருப்பேன்.

பிறகு அம்மா அவனை நேராகக் கேட்டாள். “இந்த வீடு வேணுமா ஒனக்கு?”

அவன் அப்படியில்லை என்றான். வேணும் என்று இல்லை, பின்னால் பிரச்சனை வரக்கூடாது, டாக்ஸ், சட்டம், இந்தக் காலத்தில் எல்லாம் செட்டில் ஆகி இருந்தால்தான் என்று போனான்.

“வேணுமா, வேணாமா?”

அவன் அண்ணாந்து பார்த்தான். மேலே ஃபேன் இரண்டில் ஓடிக்கொண்டிருந்தது.

“குடுன்னு ஒரு வார்த்த கேட்டிருந்தாக் குடுத்திருப்பேன்டா” என்றாள் அம்மா. “அது எனக்குத் தெரிஞ்ச வார்த்த.”

அவள் அதைக் கோபத்தில் சொல்லவில்லை, உண்மையாகவே சொன்னாள். எனக்கு அது தெரியும். கேட்டிருந்தால் கொடுத்திருப்பாள். பெரிய பிள்ளை கேட்டான், கொடுத்தேன் என்று தெருவெல்லாம் சொல்லவும் செய்திருப்பாள். முப்பது வருஷச் சம்பளத்தில் நான் எழுப்பிய சுவர்கள் அன்று மாலை எதன் மேல் நின்றன என்று துல்லியமாக எழுத வேண்டுமானால், என் அண்ணனுக்கு ஒரு சாதாரணத் தமிழ்ச் சொல்லைச் சொல்ல வெட்கமாக இருந்தது, அதன் மேல் நின்றன. இதை எழுதும்போது எனக்குப் பெருமை ஒன்றுமில்லை.

அம்மா காகிதத்தை வாங்கி அவனிடம் நீட்டினாள். கையெழுத்துப் போடமாட்டேன் என்று தனியாகச் சொல்லவில்லை. புடவையை எடுத்துப் பீரோவில் வைக்கப் போனாள்.

வியாழன் பதினொரு மணிக்கு அவர்கள் எங்கும் போகவில்லை. அண்ணன் சவரம் செய்துகொண்டு கூடத்தில் உட்கார்ந்து, சில பேரை அழைத்து, ஒரு சின்ன டிலே, செட்டில் ஆகிவிடும் என்று சொல்லிக்கொண்டிருந்தான். என் பட்டியலில் அவனுடைய பதினெட்டாவது ‘செட்டில்’ அது. வெள்ளிக்கிழமை விமானத்துக்குக் கிளம்பும்போது அம்மா காலில் விழுந்து கும்பிட்டான். அம்மாவும் எப்போதும்போலத் திருநீறு பூசி, ஒரு பை நிறையக் கொப்பரையும் கருவாடும் கொடுத்தனுப்பினாள். பெற்றவள் அவ்வளவுதான் செய்வாள். எனக்கு அந்தக் கட்டாயம் இல்லாததால் நான் பெட்டியைத் தூக்கி ஆட்டோவில் வைத்துவிட்டு, மீட்டர் கட்டணம் எவ்வளவு என்று மட்டும் சொன்னேன்.

பத்திரத்தை அவன் எடுத்துப் போயிருந்தான். கண்ணாடித்தாள் உறையை விட்டுவிட்டான். அம்மா அதைத் துடைத்து வைத்திருந்தாள்.

அந்தச் சனிக்கிழமை எனக்கு விடுமுறை. மதியம் சாப்பிட்ட பிறகு மேஜையில் உட்கார்ந்து, சம்பந்தப்பட்ட அதிகாரிக்கு மனு எழுதினேன். அம்மா கேட்காமலேயே எழுதினேன். ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். என் வேலை அதுதான், ஒரு நாளைக்கு நான்கு எழுதுவேன். இன்னார் மனைவி இன்னார், இலங்கையிலிருந்து வந்தவர், கச்சால் தீவில், என்பது வரை ஒரே மூச்சில் வந்தது. அதற்கு மேல் ஒரு வினைச்சொல் வேண்டும்.

இறக்கிவிடப்பட்டார் என்று எழுதிப் பார்த்தேன். துறைமுகச் சரக்குக் கடிதம் போல இருந்தது. கொண்டுவரப்பட்டார் என்று எழுதினேன். யாரால், எந்தக் குற்றத்துக்காக என்று கேட்கிறாற்போல் இருந்தது, கைதிகளைக் கப்பலில் கொண்டுவந்து அடைத்த இந்தத் தீவுகளில் அந்தக் கேள்விக்கு ஒரு பழைய பதில் உண்டு. வசித்தார் என்றால் காகிதம் கொடுத்ததற்குக் காரணம் இல்லாமல் போகிறது. மூன்று தாள் வீணாயிற்று. எந்த அலுவலகத்தில், எந்த அலமாரியில் தேடினாலும் அந்தப் பழைய பதிவு ஒரு சொல்லின் கீழ்தான் இருக்கும். வேறு சொல்லில் கேட்டால் அப்படி ஒன்றும் இல்லை என்று பதில் வரும். எனக்குத் தெரியும், அப்படிப்பட்ட பதில்களை நானே தட்டச்சு செய்து அனுப்பியிருக்கிறேன்.

நான்காவது தாளில் அந்தச் சொல்லையே போட்டேன். செட்டில் செய்யப்பட்டார். அலுவலக ஆங்கிலத்தில் அதைவிடச் சரியான வாக்கியம் கிடையாது. பட்டியலுக்கு வெளியே என் கையால் அதை எழுதியது அதுவே முதல்முறை.

அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். இந்த முறை கச்சால் வந்தது, சிலோன் வந்தது, அப்பா பெயர் இரண்டு இடத்தில் வந்தது. ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். தமிழில் சொல்லிக்கொண்டே வரும்போது அந்த இடத்தில் சற்றுத் தயங்கினேன். அவள் கவனித்துவிட்டாள்.

“எறக்கி விட்டாங்கன்னு எழுதலியா?”

“அப்படி எழுதினா ஆபீஸ்ல புரியாதும்மா. செட்டில் பண்ணாங்கன்னு எழுதியிருக்கேன்.”

“சரி, அவுங்களுக்குப் புரியறாப்புல எழுதிக்க” என்றாள். “இன்னொண்ண நீ ஒன் நோட்டுல எழுதி வச்சுக்க.”

பேனாவை வாங்கி, தோட்டத்துப் பள்ளியில் முதியோருக்குச் சொல்லிக்கொடுத்த எழுத்துகளில், ஒவ்வோர் எழுத்தாக, கோட்டுக்குக் கொஞ்சம் மேலே, தன் பெயரைப் போட்டாள். மை காயும் வரை ஊதினாள். பிறகு மனுவை அந்தக் கண்ணாடித்தாள் உறைக்குள் அவளே செருகினாள்.

திங்கட்கிழமை காலை பத்து பத்துக்கு நேரில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கினேன். வாங்கியவர் இளைஞர். மேலோட்டமாகப் படித்துவிட்டு, இத்தனை வருஷம் கழித்து இது எதற்கு மேடம் என்று இந்தியில் கேட்டார். என் குரல் அவருக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. எண் போடுங்கள் என்றேன். போட்டார்.

இதுவரை பதில் இல்லை. எண் முன்பக்கத்தில் இருக்கிறது. பின்பக்கத்தில் ‘செட்டில்’ பட்டியலின் அடியில், சொன்னவர் அம்மா, இடம் கூடத்துக் கட்டில், நேரம் மாலை ஆறு மணி அளவில் என்று போட்டு, எறக்கி விட்டாங்க என்று எழுதியிருக்கிறேன். பொருள் எழுத விட்ட இடம் காலியாக இருக்கிறது. அதற்குப் பொருள் எழுத வேண்டியதில்லை.